குழாயில் வெந்நீர், டார்ச்சில் புது செல்

சின்ன வயதில் எவையெல்லாம் ஆடம்பரமாகத் தெரிந்தன என்று கேட்டால், காரையும் நகையையும் சொல்கிறவர்கள் குறைவு. திருகினால் வெந்நீர் கொட்டும் குழாய், தம்ளரில் மிதக்கும் ஐஸ் கட்டி, புது செல் போட்ட டார்ச், ஈரத்தை ஒரே ஒற்றில் குடித்துவிடும் தடித்த துண்டு, வேறு யாரும் புரட்டாத புதுப் புத்தகம். இவைதான் முதலில் நினைவுக்கு வரும்.

இந்தப் பொருள் ஒவ்வொன்றும் வீட்டுக்குள் வரும்போதே ஒரு கட்டளையையும் கூட்டி வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்காதே. செல்லைக் கழற்றி வை. வாளித் தண்ணீரைச் சூடாக்கும் மின்சார ராடு ஓடும்போது தண்ணீரைத் தொடாதே. புத்தகத்தை விரித்துக் கவிழ்க்காதே. பிள்ளைகளின் காதில் அது வெறும் கண்டிப்பு போல விழுந்தது. உண்மையில் அது பராமரிப்புக் குறிப்பு. ஒரு பொருளை இன்னொரு முறை வாங்க முடியாது என்ற நிலையில், அது எப்படி வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது என்பதை வீட்டில் ஒருவராவது தெரிந்துவைத்திருந்தார். பொருள் சாதாரணமானதும் அந்த அறிவு போய்விட்டது. அந்தக் கட்டளைகளில் எது சரி, எது பாதி சரி, எதை இப்போது விட்டுவிட வேண்டும் என்று பார்ப்பது இன்றும் பயன் தரும்.

முதலில் டார்ச். வெளிச்சம் மங்கினால் செல்லை வெளியே எடுத்து வெயிலில் காய வைப்பார்கள். திரும்பப் போட்டால் கொஞ்ச நேரம் எரியும். இது வெறும் நம்பிக்கை இல்லை. சூட்டில் செல்லுக்குள் வேதிவினை வேகம் பிடிக்கும், ஓய்வு கிடைத்ததில் வோல்டேஜும் சற்று ஏறும். ஆனால் புதிதாக எந்தச் சக்தியும் உள்ளே போகவில்லை, அடியில் ஒட்டிக்கிடந்ததை வழித்தெடுக்கிறோம், அவ்வளவுதான். சாதாரண துத்தநாக-கார்பன் செல்லில் வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகக் குவளையே மின்முனையும்கூட. செல் தீரத் தீர அந்தச் சுவர் கரைந்து மெலியும். மெலிந்த சுவரைச் சூடாக்கினால் கசியும். அதனால் வெயிலில் வைப்பதை இனி விட்டுவிடலாம்.

அதைவிட நல்ல பழக்கம் ஒன்றும் அப்போது இருந்தது. டார்ச்சில் தீர்ந்த செல்லைச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றுவார்கள். டார்ச் ஒரேயடியாக நிறைய மின்சாரம் இழுக்கும், கடிகாரம் துளித்துளியாக இழுக்கும். அதனால் டார்ச்சுக்கு உதவாத செல் கடிகாரத்தைப் பல வாரம் ஓட்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஊகம் வேண்டாம். புதிய அல்கலைன் செல் 1.5 முதல் 1.6 வோல்ட் வரை காட்டும். 1.3க்கு வந்தால் ஏறக்குறைய பாதி போய்விட்டது. 1.1 அளவில் இருந்தால் கடிகாரத்துக்கு. 0.9க்குக் கீழே போனதை எதிலும் போட வேண்டாம். மீட்டர் இல்லாதவர்கள் அல்கலைன் செல்லின் தட்டையான முனை கீழே இருக்கும்படி பிடித்து, கெட்டியான மேசைமீது 2 செ.மீ. உயரத்திலிருந்து விட்டுப் பார்க்கலாம். புதியது 'தொப்'பென்று உட்காரும். பயன்பட்டது துள்ளும், ஏனென்றால் உள்ளே கூழாக இருந்த துத்தநாகம் இறுகிவிடுகிறது. துள்ளினால் செல் செத்துவிட்டது என்று பொருள் இல்லை, புதியதில்லை என்பது மட்டும் உறுதி. பாதி தீர்ந்ததுமே துள்ளத் தொடங்கிவிடும்.

புதியதையும் பழையதையும் சேர்த்துப் போடாதே என்ற கட்டளை முழுக்கச் சரி. வரிசையில் இருக்கும் செல்களில் பலவீனமானது முதலில் காலியாகும். மற்றவை அதன் வழியாக மின்சாரத்தைத் தொடர்ந்து தள்ளுவதால் அது தலைகீழாக ஓட்டப்பட்டு, உள்ளே வாயு சேர்ந்து கசியும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஒரு செல்லை மட்டும் மாற்றினால் போவது டார்ச். ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைப்பதும் கசிவுக்குப் பயந்துதான்.

கசிந்துவிட்டால் எறிய வேண்டாம். அல்கலைன் செல்லிலிருந்து வரும் வெள்ளைப் பொடி காரத்தன்மை உள்ளது. கையுறை போட்டு, செல்லை எடுத்துவிட்டு, பொடியைப் பழைய பல் துலக்கியால் உலர்வாகத் தட்டி எடுக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்தால் லேசாக நுரைக்கும். நுரை நின்றதும் தண்ணீர் தொட்ட பஞ்சால் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, ஸ்பிரிங்கை மணல்தாளால் பளபளப்பாகும்வரை உரச வேண்டும். துத்தநாக-கார்பன் செல் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு வினிகருக்குப் பதிலாகச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும்.

அன்று இல்லாத ஆபத்து ஒன்று இன்று பல வீடுகளில் இருக்கிறது. பொம்மையிலும் ரிமோட்டிலும் வரும் காசு போன்ற பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்த செல் மூடி ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே பொம்மையைக் கையில் கொடுங்கள்.

வெந்நீருக்கு வருவோம். வீட்டுக்குள்ளேயே தண்ணீரைச் சூடாக்கித் தரும் கருவியை லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் 1868இல் கொண்டுவந்தார். தண்ணீரைச் சேமித்துத் தானாகச் சூடாக்கும் தொட்டி வகையை 1889இல் எட்வின் ரூட் உருவாக்கினார். அதற்கெல்லாம் முன்பு வெந்நீர் என்றால் விறகு, பாத்திரம், காத்திருப்பு, சுமப்பது. ஒரு வாளி வெந்நீருக்கு அவ்வளவு மரியாதை இருந்ததில் வியப்பில்லை.

அந்த ஒரு வாளியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு மறக்காது. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 0.35 யூனிட் மின்சாரம் வேண்டும். 1500 வாட் ராடு போட்டால் 14, 15 நிமிடம். அதே 15 லிட்டரை கீசர் 60 டிகிரிக்குச் சூடாக்க 0.6 யூனிட் ஆகும், 2000 வாட் காயிலுக்கு 18, 19 நிமிடம் பிடிக்கும். 60 டிகிரி நீர் 15 லிட்டரோடு 25 டிகிரி நீர் 20 லிட்டர் கலந்தால் குளிக்கும் பதமான 40 டிகிரியில் 35 லிட்டர் கிடைக்க வேண்டும். கையில் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறையும், ஏனென்றால் மேலிருந்து சூடான நீர் வெளியே வர வர, கீழே குளிர்ந்த நீர் நுழைந்து கலக்கிறது. ஷவர் நிமிடத்துக்கு 9 லிட்டர் கொட்டினால் அந்த 35 லிட்டர் நான்கு நிமிடத்துக்குக்கூட வராது. கீசரில் வெந்நீர் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்பு, ஒரு வாளியை ஷவருக்கு அடியில் ஒரு நிமிடம் வைத்து அளந்து பாருங்கள். பல வீடுகளில் கோளாறு கீசரில் இல்லை, ஷவர் தலையில்தான்.

ராடு பற்றிய கட்டளைகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தக் கூடாது. பிளாஸ்டிக் வாளியாக இருந்தால் ராடு சுவரிலும் அடியிலும் படக் கூடாது, உலோக வாளியே வேண்டாம். ராடில் உள்ள கீழ்க்கோட்டுக்கு மேலும் மேல்கோட்டுக்குக் கீழும் தண்ணீர் நிற்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு ராடு, கடைசியில் சுவிட்ச். எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடைத் தண்ணீருக்குள்ளேயே பத்துப் பதினைந்து நொடி விட்டு, அதன் பிறகு வெளியே எடுக்க வேண்டும். சுடச்சுட வெளியே எடுத்தால் உறை வெடித்து, அடுத்த முறை விரிசல் வழியாகத் தண்ணீரில் மின்சாரம் இறங்கும். சூடு பார்க்க விரலை விடுவது பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.

கீசரில் கவனம் வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி. எனாமல் பூச்சு உள்ள தொட்டிக்குள் மெக்னீசிய ஆனோடு ராடு ஒன்று இருக்கும். மெக்னீசியம் இரும்பைவிட எளிதில் அரிபடும் என்பதால், தொட்டிக்கு வர வேண்டிய அரிப்பைத் தான் வாங்கிக்கொள்கிறது. அது கரைந்து தீர்ந்த நாளிலிருந்து அரிப்பு தொட்டியைத் தின்னும். உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஒரு முறையும், நல்ல தண்ணீர் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் கழற்றிப் பார்க்க வேண்டும். பாதி பருமனுக்கு மெலிந்திருந்தாலோ நடுவிலுள்ள எஃகுக் கம்பி தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். சர்வீஸுக்கு வருகிறவர் காயிலை மட்டும் துடைத்துவிட்டுப் போனால், ஆனோடு ராடைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விதான் தொட்டியின் ஆயுள்.

தண்ணீர் சூடேறும்போது படபடவென்று சத்தம் வந்தால் காயில்மேல் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. மின்சாரத்தையும் நீர்வரத்தையும் நிறுத்தி, தொட்டியை வடித்து, காயிலைக் கழற்றி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டால் படிவு இளகும். உளியோ கத்தியோ வைத்துச் சுரண்டினால் உறை கீறிவிடும்.

சேஃப்டி வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்துப் பயந்து அதை அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 15 லிட்டர் தண்ணீர் 25இலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 200 மில்லி அளவுக்கு விரிகிறது. வெளியேற வழியில்லாமல் அடைத்தால் தொட்டி வெடிக்கும். சூடாகும்போது சொட்டுவது இயல்பு. நாள் முழுக்கச் சொட்டினால்தான் வால்வோ வரும் நீரின் அழுத்தமோ சரியில்லை.

கீசரை எத்தனை டிகிரியில் வைப்பது? மிச்சம் பிடிக்க 45இல் வைக்கத் தோன்றும். ஆனால் 20 முதல் 45 டிகிரி வரை தேங்கிக் கிடக்கும் நீரில் லீஜியோனெல்லா என்ற கிருமி பெருகும், அது நுரையீரலைத் தாக்கும். தொட்டியில் 60 இருக்க வேண்டும், குழாயில் கலந்து இறக்கிக்கொள்ள வேண்டும். 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை ஆழமாக வேகவைக்கும் என்பதால் குழந்தைக்கான தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். ஒருபோதும் மாற்றிச் செய்ய வேண்டாம். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. 37, 38 டிகிரி அப்படித்தான் இருக்கும்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. அதைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. மூடிய சிறு அறையில் எரியும் கேஸ் காற்றைத் தின்று கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சுடர் நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக மாறினால் எரிப்பு சரியில்லை. குளிக்கும்போது தலை வலித்தாலோ கிறுகிறுத்தாலோ உடனே கதவைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள், சோப்பைக் கழுவ நிற்காதீர்கள்.

ஐஸ் கட்டி ஒரு காலத்தில் உண்மையிலேயே செல்வந்தர் பொருள். பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடெரிக் டியூடர் 1806இல் ஏரிப் பனியை வெட்டிக் கப்பலில் மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். போய்ச் சேர்ந்த இடத்தில் வைக்கக் கிடங்கு இல்லாமல் கரைந்தது. 1833இல் அவரே கல்கத்தாவுக்கு அனுப்பிய கப்பலில் ஏறக்குறைய 180 டன் ஏற்றி, நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு 100 டன் கரைசேர்ந்தது. இவ்வளவு தூரம் பயணப்பட்ட ஒன்று இப்போது டிரேயை முறுக்கினால் உதிர்கிறது.

ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்காதே என்பது சரிதான், ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டை கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் குளிர் நாள் முழுக்க வெளியே போகிறது. நான்கு பக்கமும் சோதிக்க வேண்டும். பெரும்பாலும் அழுக்குதான் காரணம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் சரியாகும். ரப்பர் இறுகி வளைந்திருந்தால் ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டி விரலால் இழுத்து நேராக்கலாம்.

சூடாக எதையும் உள்ளே வைக்காதே என்பது பாதி சரி. கொதிக்கக் கொதிக்க வைத்தால் சுற்றியுள்ள பொருள்களும் சூடாகும், உண்மைதான். ஆனால் ஆறட்டும் என்று சமைத்ததை இரவு முழுக்க வெளியே விடுவது அதைவிட மோசம். 5 முதல் 60 டிகிரிவரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆழம் 5 செ.மீ.க்கு மேல் போகாத அகலப் பாத்திரங்களில் பரப்பி, ஆவி அடங்கியதும், எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். உள்ளே 4 டிகிரியோ அதற்குக் கீழோ, ஃப்ரீசரில் மைனஸ் 18. பாலைக் கதவில் வைப்பது பலரின் பழக்கம், கதவுதான் ஃப்ரிட்ஜிலேயே வெப்பமான இடம்.

பழைய வகை ஃப்ரீசரில் பனி அரை செ.மீ. தடித்தால் கரைத்துவிட வேண்டும், தடித்த பனி குளிரை உள்ளே விடாது. பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு பாத்திரம் சூடு தண்ணீரை உள்ளே வைத்தால் அரை மணியில் பனி பாளமாக விழும். இங்கேதான் அவசரத்தில் கத்தி எடுப்பார்கள். பனிக்குப் பின்னால் இருப்பது மெல்லிய அலுமினியக் குழாய். ஒரு குத்து போதும், 'உஸ்'ஸென்று கேஸ் போய்விடும். இப்போதைய ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன்தான் இருக்கிறது, அது தீப்பற்றும். அப்படி நடந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும். காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. பின்சுவரின் அடியில் உள்ள சிறு துளை அடைத்திருக்கும். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை இரண்டு முறை அழுத்தினால் திறந்துகொள்ளும்.

மின்வெட்டில் மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும், நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி, பாதி நிரம்பியது 24 மணி. ஊருக்குப் போகும் முன் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதைச் சாப்பிட வேண்டாம்.

கண்ணாடி மாதிரி தெளிந்த ஐஸ் வேண்டுமா? சாதாரண டிரேயில் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் காற்றும் உப்பும் நடுவில் சிக்கி வெண்மையாகிறது. சுவர் தடித்த சிறு ஐஸ் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தபடி ஃப்ரீசரில் வைத்தால் மேலிருந்து கீழாக மட்டும் உறையும். 18 முதல் 24 மணி நேரத்தில், அடிப்பகுதி முழுதும் உறையும் முன்பே எடுத்து, கலங்கிய அடியை வெட்டிவிட்டால் மிச்சம் அத்தனையும் தெளிவு.

துண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சவில்லை என்று குறைப்படுவார்கள். மில்லில் பளபளப்புக்காகப் போட்ட பூச்சு இரண்டு மூன்று துவைப்பில் போகும். மென்மைக்காக ஊற்றும் கண்டிஷனர்தான் பெரிய எதிரி. அது நூல்மேல் மெழுகுபோலப் படிந்து ஈரத்தைத் தள்ளிவிடும். துவைத்த துண்டு நனைந்ததும் ஊத்தை வாடை அடித்தால், அது சோப்புக் குறைவு இல்லை, நூலுக்குள் தங்கிய மோராக்ஸெல்லா என்ற கிருமி. 60 டிகிரி நீரில், வழக்கத்தைவிடக் குறைவான சோப்புத்தூள் போட்டு, நன்றாக அலசி, அன்றே முழுதும் காயவைத்தால் போகும். ஈரத்தோடு மடித்து வைப்பதால்தான் அது திரும்பி வருகிறது.

புத்தகத்தை விரித்துக் கவிழ்க்காதே என்பதோடு, புதிதாகத் திறப்பதற்கும் ஒரு முறை இருந்தது. ஒட்டிய முதுகுள்ள புத்தகத்தை நடுவில் பிளந்து அழுத்தினால் பசை அந்த இடத்தில் உடைந்து, சில மாதத்தில் தாள் கொத்தாகக் கழன்றுவரும். அதற்குப் பதிலாக, முதுகு மேசையில் படும்படி புத்தகத்தை நிறுத்தி, முன் அட்டையை மட்டும் சாய்த்துப் படியவைக்க வேண்டும். பிறகு பின் அட்டை. அடுத்து முன்பக்கம் ஒரு பத்துத் தாள், விரலை மடிப்போரமாக மேலிருந்து கீழே ஒரே சீராக ஓட்டி, லேசாக அழுத்த வேண்டும். பின்பக்கம் ஒரு பத்துத் தாள். இப்படி மாறி மாறி நடுவை நோக்கி வர வேண்டும். 300 பக்கப் புத்தகத்துக்கு ஐந்து நிமிடம் ஆகாது. கடைசித் தாள்கள் படியும்போது புத்தகம் கையில் தானாக விரிந்து நிற்கும், முதுகில் ஒரு கோடுகூட விழுந்திருக்காது.